பத்து வருஷச் சர்க்கரை

தேக்கு இல்லை. தேக்கின் ரேகையை அச்சடித்த தாளை ஒட்டுப்பலகைமேல் ஒட்டி, ஓரத்துக்குப் பித்தளை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டி அடித்திருக்கிறான். விரல்கணுவால் ஒரு தட்டுத் தட்டினாலே போதும், உள்ளே ஒன்றுமில்லை என்று அதுவே சொல்லிவிடும். சோணைமுத்து கவுண்டர் பலகையைத் தட்டினார். "சார், தட்டாதீங்க. இப்பதான மேல போயிருக்காரு, வந்து சொல்லுவாரு. போய் உக்காருங்க" என்றாள் ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுண்டருக்குள்ளிருந்த பெண். சட்டையில் பெனிட்டா என்று பெயர் குத்தியிருந்தாள். "நான் ஒண்ணும் கேக்கலையேம்மா" என்றார். கேட்கவில்லைதான். எதிர்வரிசை இரும்பு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஏ.சி. காற்று நேராகப் பிடரியில் அடித்தது. இடம் மாறி உட்காரலாம், ஆனால் இங்கிருந்துதான் லிஃப்ட் கதவு தெரிகிறது. அந்தக் கதவைத் திறந்துகொண்டு, முதுகில் பை மாட்டிய அந்தப் பையன் வர வேண்டும். பையன் என்ன பையன், முப்பத்தைந்து வயது இருக்கும், காப்பீட்டுக் கம்பெனி அனுப்பிய விசாரணைக்காரன். அவர் பொண்டாட்டி இந்திராணியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கப் போயிருக்கிறான். அம்மா, உங்களுக்குச் சர்க்கரை எத்தனை வருஷமா இருக்கு? ரெண்டு வருஷமா என்பாள். முடிந்தது. கம்பெனி பணத்துக்குச் சரி சொல்லிவிடும், காலில் அடைத்துக் கிடக்கிற ரத்தக்குழாயை டாக்டர் திறந்துவிடுவார், அவளுக்குக் கால் நிற்கும். ரெண்டு வருஷம். சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், ஒரு கொட்டாவி விடுகிற நேரம். இன்னும் என்ன செய்கிறான் மேலே?

இந்தக் கூடத்தை இடித்தால் என்ன தேறும் என்று அவர் கண் தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஒன்றும் தேறாது. கண்ணாடி, ஜிப்சம், அலுமினியம். பழைய வீடுகளை இடித்து நிலை, கதவு, ஜன்னல், உத்தரம் என்று எடுத்து விற்கிறவனுக்கு இந்தக் காலத்துக் கட்டடம் எதுவுமே லாயக்கில்லை, இடிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது. ஆனால் இதற்குள்ளே படுக்க ஒரு நாளைக்கு வாங்குகிற வாடகைக்கு அவனியாபுரத்தில் ஒரு மாதம் குடியிருக்கலாம். பன்னிரண்டு வயதில் சிம்மக்கல்லில் இடிந்த வீட்டுச் செங்கல்லைச் சுண்ணாம்பு தட்டி அடுக்கின கைகள் இவை. அங்கிருந்து வாய் ஒன்றை வைத்துக்கொண்டு ஏறி வந்தவர். வீட்டுக்குள் நுழைந்ததும் எதையும் அழகு என்று சொல்லக் கூடாது. நல்ல நிலைக்கதவைப் பார்த்தால் கரையான் என்று சொல்ல வேண்டும், கரையான் அரித்ததைப் பார்த்தால் வாயே திறக்கக் கூடாது. வீட்டுக்காரன் ஒரு விலை சொன்னால் சிரிக்க வேண்டும், சிரித்துவிட்டு வாசல்வரைக்கும் போக வேண்டும், செருப்பைப் போட வேண்டும், ஒரு காலில் மட்டும். கூப்பிடுவான். கூப்பிடாத ஆள் இதுவரை பிறக்கவில்லை. நேற்று இதே கூடத்தில் பில் போடும் இடத்தில் சிரித்தார், வாசல்வரைக்கும் போனார். யாரும் கூப்பிடவில்லை. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து, அவர் வெளியே போகக் காத்திருந்து, தானாக மூடிக்கொண்டது. உள்ளே ஸ்ட்ரெச்சரில் பொண்டாட்டியைப் படுக்கவைத்துவிட்டு எங்கே போவான் ஒருத்தன், அது அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் கதவுக்குக் கைப்பிடிகூட வைக்கவில்லை.

காலையில் ரத்தக்குழாய் டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். நல்ல மனுஷன்தான், படம் வரைந்து காட்டினார். முழங்காலுக்குக் கீழே குழாய் அடைத்திருக்கிறது. பலூன் விட்டுத் திறந்தால் ரெண்டு விரலோடு போய்விடும், நடக்கலாம், வேலை பார்க்கலாம். திறக்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், விஷம் ஏறிக்கொண்டிருக்கிறது, சாயங்காலத்துக்குமேல் தள்ள முடியாது. பலூனுக்கு இவ்வளவு, எடுப்பதற்கு இவ்வளவு. காலைத் திறப்பதற்கு ஆகிற காசில் அஞ்சில் ஒரு பங்குதான் காலை வெட்டுவதற்கு. நல்ல மரம்தான் விலை, விறகு மலிவு. அதைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் இல்லீங்களா டாக்டர்? பாதத்தோட நிறுத்திக்கிற மாதிரி?" டாக்டர் பேனாவை மூடிவிட்டு அவரைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. என்ன கேட்டேன் நான். பேரம் பேசினேன். அவள் காலை வைத்து, விரலோடு, பாதத்தோடு, கணுக்காலோடு என்று, ஜன்னலுக்குக் கம்பியோடு ஒரு விலை கம்பி இல்லாமல் ஒரு விலை என்கிற மாதிரி. சீ. கையைப் பார்த்தார். கை முழங்காலுக்குக் கீழே தன் காலையே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது, இங்கேயா, இங்கேயா என்று. எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

ஆணி குத்தினதுதான். இடித்த வீட்டுச் சட்டங்களிலிருந்து ஆணி பிடுங்குகிற வேலையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். கடைக்குப் பின்னால் தகரத்துக்கு அடியில் உட்கார்ந்து, கடப்பாரை நுனியால் நெம்பி, கீச் கீச்சென்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி டப்பாவில் போடுவாள். அந்த ஆணிக்காசு அவளுடையது, அதை அவர் கேட்டதில்லை. ஒருநாள் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது செருப்போடு ரத்தமும் வந்தது. "என்னடி இது?" "தெரியலைங்க. எப்பக் குத்துச்சுன்னே தெரியலை." அவள் சிரித்தாள். குத்தினது தெரியாத காலை வைத்துக்கொண்டு சிரித்தாள். சர்க்கரை இருக்கிற உடம்புக்கு அடிபட்டால் உறைக்காது என்று அப்போது அவருக்கு யார் சொன்னார்கள்? மஞ்சள் வைத்துக் கட்டினாள், பிறகு களிம்பு, பிறகு மருந்துக்கடைக்காரன் கொடுத்த மாத்திரை. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று ஒரு தடவை கேட்டாள். கேட்டாளா? கேட்டாள். ஆணி குத்தினதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா, உள்ளே நுழைந்தால் உருவிவிட்டுத்தான் விடுவான் என்று கத்தினார். கத்தினது தப்பா? நுழைந்தால் உருவுகிறான்தானே? நாற்பது வருஷமாக ஊரில் எல்லாப் பொருளுக்கும் விலை ஏறுவதைப் பார்க்கிறார், மரம் ஏறும் இறங்கும், செங்கல் ஏறும் இறங்கும். ஏறிவிட்டு இறங்காத ஒரே சரக்கு இது ஒன்றுதான். போன வாரம் சுண்டுவிரல் கறுத்தது. முந்தாநாள் பக்கத்து விரலும். அந்த வாசனை. ஈர மரத்தை மூட்டையாகக் கட்டி வைத்தால் வருமே, அது. அவள் சாம்பிராணி போட்டாள், வாசனை வெளியே தெரியக் கூடாது என்று.

நேற்று ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டாக்டர் பொண்ணு வந்து எத்தனை வருஷமா சுகர் என்று கேட்டது. அந்த இடத்துக்கு வந்தால் மட்டும் மனசு சகதியில் சிக்கின லாரிச் சக்கரம் மாதிரி அங்கேயே சுற்றுகிறது. ரெண்டு வருஷம். அதுதான் உண்மை. அவர்கள் தெருவில் இலவச முகாம் போட்டு ஊசி குத்திப் பார்த்துச் சொன்னார்கள், அதற்கு முன்னால் அவளுக்குத் தலைவலிகூட வந்ததில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவர் கண் சுவரில் இருந்த கட்டணப் பலகையில் நின்றது. அறைக்கு இவ்வளவு, டாக்டர் வந்து எட்டிப் பார்த்தால் இவ்வளவு. எந்த வியாபாரத்திலும் புது ஆளுக்கு ஒரு விலை, பழைய ஆளுக்கு ஒரு விலை. நாற்பது வருஷமாக எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் சொல்கிற முதல் பொய் அதுதான், உங்க அப்பாவை எனக்கு நல்லாத் தெரியும் தம்பி, ரெண்டு பேரும் ஒரே கடையில டீ குடிச்ச ஆளுக. அந்தப் பழக்கத்தில் நாக்கு தானாகப் புரண்டது. "பத்து வருஷம் இருக்கும்மா. பத்து வருஷமா உங்க ஆஸ்பத்திரியிலதான் காட்டுறோம். பழைய ஆளுக. பாத்துக் கொறைச்சுப் போடச் சொல்லும்மா." பொண்ணு தலையை ஆட்டிக்கொண்டு எழுதியது. குறைக்கப் போகிறார்கள் என்று நினைத்தார். தலையை ஆட்டிக்கொண்டே எழுதினால் வேறென்ன நினைப்பான் மனுஷன்? காலையில் பெனிட்டா கூப்பிட்டாள். "சார், டாக்டர் குறிப்புல பத்து வருஷமா சர்க்கரைன்னு இருக்கு. உங்க பாலிசி எடுத்து மூணரை வருஷம்தான் ஆகுது. அப்ப வியாதியை மறைச்சுத்தான பாலிசி எடுத்திருக்கீங்கன்னு கம்பெனியில கேக்கறாங்க." மறைத்தாரா? வாழ்நாள் முழுக்கக் கரையானை மறைத்து விற்றிருக்கிறார், விரிசலில் மெழுகு வைத்துத் தேய்த்து விற்றிருக்கிறார். இந்த ஒரு விஷயத்தில் ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்க அப்போது வியாதியே இல்லை. இல்லாத வியாதிக்கு வயசு கூட்டிச் சொன்னவன் உலகத்தில் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

பாலிசி எடுத்ததும் அவளால்தான். கொரோனா அடங்கின மறுவருஷம், பக்கத்துப் பட்டறைக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கவே பட்டறையை விற்ற பிறகு, அவள்தான் ஏஜெண்ட் பாஸ்கரனைக் கடைக்கு வரச் சொன்னாள். அந்த வருஷத்துத் தவணையைப் பேசிப் பேசி ஒன்றும் குறையாமல், கடைசியில் ஒரு காலண்டராவது கொடு என்று வாங்கினார். மறுவருஷம் தவணை ஏறியது. அதற்கடுத்த வருஷம் அதற்கும் மேலே. "ஏன்யா பாஸ்கரா, போன வருஷம் இருந்த அதே உடம்புதானய்யா, புதுசா ரெண்டு கையா மொளைச்சிருக்கு?" "வயசு ஏறுதுல்லண்ணே." "பழைய வண்டி பழசாக ஆக விலை இறங்கும். பழைய உடம்புக்கு மட்டும் ஏறுமா? எந்த ஊரு நியாயம்?" "ஆஸ்பத்திரிக்காரன் ஏத்துறான், கம்பெனிக்காரன் ஏத்துறான், நான் நடுவுல நிக்கிறவன்ணே. வேணாம்னா விட்டுருங்க, ஆனா ஒருநாள் தேடுவீங்க." விட்டுவிட்டார். இந்த வருஷம் கட்ட மாட்டேன் என்று அவனைக் கடையை விட்டே துரத்தினார். மறுநாள் இந்திராணி போய் ஆணிக்காசில் கட்டிவிட்டு வந்தாள். சொல்லவில்லை. ரெண்டு மாதம் கழித்து பாஸ்கரன்தான் உளறினான். அன்றைக்கு அவளை என்ன திட்டுத் திட்டினார். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா நான் எங்க போய் நிப்பேன்" என்றாள். எனக்கு ஒன்றென்றால். அவளுக்கு ஒன்றென்றால் என்று அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. ஆணி பிடுங்கின காசில் கட்டினது, ஆணி குத்தினதுக்கு உதவாமல் போகப் பார்க்கிறதே.

கையில் காசு இல்லாதவனா சோணைமுத்து? இல்லை. இருந்த காசெல்லாம் தெற்குமாசி வீதியில் ஒரு வீட்டுக்கு முன்பணமாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. நாலு கட்டு வீடு, தூண் ஒவ்வொன்றும் ரெண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற பர்மாத் தேக்கு. பணம் கைமாறின மறுமாதம் அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள். தூண் அங்கே நிற்கிறது, பூட்டு தொங்குகிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஒன்று இருக்கிறது என்று கவுன்சிலர் ஆள் வந்து சொன்னபோது, வருமானம் குறைவு என்று எழுதி வாங்க வேண்டுமாமே, நான் என்ன கையேந்துகிறவனா, போய் இல்லாதவனுக்குக் கொடு என்றார். எல்லாருக்கும் முன்னால் சொன்னார், கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். பெரியாஸ்பத்திரியில் இதே வைத்தியம் காசு வாங்காமலே பார்க்கிறார்கள் என்று காலையில் டீக்கடையில் ஒருத்தர் சொன்னார். அவரே டாக்டரிடம் கேட்டுப் பார்த்தார். "முந்தாநாள் வந்திருந்தா நானே அங்கதான் அனுப்பியிருப்பேன். இப்ப காய்ச்சல் ஏறி, பிரஷர் இறங்கிக் கிடக்காங்க. வண்டியில ஏத்தி, அங்க போயி முதல்லேருந்து ஆரம்பிக்கிற நேரம் இந்தக் காலுக்கு இல்லீங்க." முந்தாநாள். முந்தாநாள் கோழி கவிழ்க்கிற ஒரு பழைய பஞ்சாரத்தை விற்பதற்கு ஒருத்தனோடு மத்தியானம் பூராவும் மல்லுக்கு நின்றார். ஜெயித்தார்.

லிஃப்ட் திறந்தது. சக்கர நாற்காலியில் ஒரு கிழவர், மடியில் தன் எக்ஸ்ரே படங்களை வைத்துக்கொண்டு போனார். மறுபடி மூடிக்கொண்டது. வெகுநேரமாகிறது. சட்டைப்பையில் ஃபோன் நடுங்கியது, அவருடையது இல்லை, அவளுடையது. மேலே ஃபோன் கொண்டுபோகக் கூடாது என்று நர்ஸ் அவர் கையில் கொடுத்திருந்தாள். யாரோ கடன் தருகிறோம் என்று கூப்பிட்டு வைத்துவிட்டார்கள். அவள் ஃபோன் அவள் உடம்பைப் போல வெதுவெதுப்பாக இருந்தது, நெஞ்சோடு கிடந்ததால் இருக்கும். கவலைப்பட ஒன்றுமில்லை என்று தனக்கே சொன்னார். விசாரணைக்காரனிடம் எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது, நான் சும்மா விலை குறைக்கச் சொன்ன பொய் தம்பி, பிள்ளைமேல் சத்தியம், ரெண்டு வருஷம்தான். அவன் முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டுக்கொண்டு, "சரி சார், அம்மாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன். அவங்களும் அதையே சொன்னா எழுதி அனுப்பிடலாம்" என்றான். நல்லது என்றார். நல்லதுதானே. இந்திராணிக்குப் பொய் வராது. மகன் சின்னவனாக இருந்தபோது பஸ்ஸில் கண்டக்டர் கேட்டால் வயசைக் குறைக்காமல் சொல்லி முழு டிக்கெட் எடுத்தவள். கோயிலில் செருப்புப் பார்க்கிறவனிடம் சில்லறை கூட வந்தால் திரும்பி நடந்து போய்க் கொடுப்பாள். வாயில் பொய் வராதவள் என்று ஊரே சொல்லும். எங்கே, யாரிடம், ஒரு தடவையாவது அவள் பொய் சொல்லி, கடை. கடையில். நினைப்பு அங்கே போய் இடித்தது, இருட்டில் நிலைவாசலில் தலை இடிக்கிற மாதிரி. கடையில் அவள் சொல்லாத பொய் ஏது? அவர் ஒருத்தனிடம் இந்தக் கதவு இவ்வளவு என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார். வந்தவன் அவர் தலை மறைந்ததும் அவளிடம் வந்து, அக்கா, உள்ளதைச் சொல்லுங்க, கடைசி விலை என்ன என்பான். அவர் சொன்ன தொகைதான் அவள் வாயிலிருந்து வரும். ஒரு தடவை போதையில் ஒரு சாதா வேம்பு ஜன்னலுக்குத் தேக்கு விலை சொல்லித் தொலைத்தார், வந்தவன் கையெடுத்துக் கும்பிட்டு, அக்கா, நியாயமாச் சொல்லுங்க, உங்களை நம்பிக் கேக்கறேன் என்றான். "அவுக சொன்னா சொன்னதுதேன். ரெண்டு பேருக்கும் ஒரே வாய்" என்றாள். அதுதான் அவர்கள் தொழில் நடந்த விதம். இப்போதும் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு வெளியாள் தனியாக வந்து, அவர் இல்லாத நேரத்தில், அவர் சொன்னது நிஜமா என்று நைசாகக் கேட்கிறான். நேற்று அவர் பத்து என்றபோது அவள் ஸ்ட்ரெச்சரில் கண்ணைத் திறந்துதான் கிடந்தாள். கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள்.

எழுந்தார். லிஃப்ட் பொத்தானை அமுக்கினார், அது எங்கேயோ உச்சியில் நின்றது. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற சாய்தளத்தில் ஏறினார், பார்வையாளர் நேரம் இல்லை என்று செக்யூரிட்டி கையை நீட்ட, அந்தக் கையைத் தட்டிவிட்டு ஏறினார். முதல் திருப்பத்திலேயே மூச்சு இரைத்தது. ரெண்டாவது திருப்பத்தில் அவன் இறங்கி வந்துகொண்டிருந்தான், பையின் ஜிப்பை இழுத்து மூடியபடி. "தம்பி." "அம்மா தெளிவாச் சொல்லிட்டாங்க சார். பத்து வருஷம்." "அவ பொய் சொல்றாய்யா!" சாய்தளத்தின் மேலேயும் கீழேயும் நடந்தவர்கள் நின்றுவிட்டார்கள். கல்யாணம் ஆகி முப்பத்தாறு வருஷத்தில் பொண்டாட்டியைப் பொய்க்காரி என்று ஊர் கேட்கச் சொன்னது இதுதான் முதல் தடவை. "நான் சொன்னேன்னு சொல்றா தம்பி. நான் எதைச் சொன்னாலும் அதையேதான் சொல்லுவா. அவளுக்கு இந்தக் கம்பெனி விவகாரமெல்லாம் தெரியாது." "நான் ரெண்டு மூணு தடவை கேட்டேன் சார். யோசிச்சுச் சொல்லுங்கம்மான்னேன். சத்தியமாப் பத்து வருஷம், எங்க வீட்டுக்காரரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னாங்க." "நீ கேட்டவிதம் தப்பு." "நீங்க நேத்துப் பத்துன்னீங்க. இப்ப கீழ ரெண்டுன்னீங்க. அம்மா பத்துங்கறாங்க. என் இடத்துல இருந்தா நீங்க என்ன எழுதுவீங்க, நீங்களே சொல்லுங்க." அவன் குரலில் கோபமில்லை. அதுதான் தப்பாகிப் போனது. கோபமில்லாமல் ஒருத்தன் நீங்களே சொல்லுங்க என்றால், அவன் இறங்கி வருகிறான் என்றுதான் நாற்பது வருஷமாக அவருக்குத் தெரிந்த பாடம். அந்தச் சொல்லைக் கேட்டதும் உடம்பே இளகியது. ஓரடி கிட்டே போனார், குரலைத் தாழ்த்தினார், அவன் முழங்கையைத் தொட்டார். "சரி விடு தம்பி. உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம். அஞ்சுன்னு போட்டுக்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே கேட்டது. அவன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். காலையில் டாக்டர் பார்த்த மாதிரி இல்லை, பாவம் என்று பார்த்தான், அது இன்னும் மோசம். "அஞ்சும் பாலிசிக்கு முந்திதான் சார் வருது" என்றான். பிறகு, "உண்மைக்கு எப்படி சார் நடுவுல ஒரு விலை இருக்கும்" என்று தனக்கே சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, அவர் கையை மெதுவாக எடுத்து விட்டுவிட்டு இறங்கினான். கூப்பிட வேண்டும் என்று வாய் திறந்தது. சர்க்கரை பார்த்த முகாம் சீட்டு இருக்கிறது, தேடி எடுத்துத் தருகிறேன். எங்கே இருக்கிறது? அரிசிப்பானைக்கு மேலா, சாமி படத்துக்குப் பின்னாலா, போன மழையில் நனைந்து போனதா? பாஸ்கரனைக் கூப்பிடலாம். மகனைத் திருப்பூரிலிருந்து வரச் சொல்லலாம், வந்து அவன் என்ன செய்வான், அவனுக்கே பனியன் கம்பெனியில் வாரக்கூலி. தெற்குமாசி வீதி வீட்டு அண்ணன்காரன் காலில் விழலாம். ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய ஆரம்பித்திருந்தது. சாயங்காலம் என்பது எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் கேட்காமல் வந்துவிட்டோமே என்று தோன்றியது, கேட்டிருந்தால் அதிலும் ஒரு மணி நேரம் குறைக்கப் பார்த்திருப்பேன், அல்லது கூட்ட. ஏறினார். முழங்காலைப் பிடித்துப் பிடித்து ஏறினார்.

வார்டில் அவள் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள். காய்ச்சலில் முகம் பளபளவென்று இருந்தது, வயசு குறைந்த மாதிரி. போர்வைக்கு அடியில் காலைத் தூக்கி வைத்திருந்தார்கள். அவரைப் பார்த்ததும் சிரிக்கிற மாதிரி உதட்டை இழுத்தாள். கிட்டே வரச் சொல்லிக் கண்ணால் சாடை காட்டினாள். குனிந்தார். மருந்து வாசனைக்கும் அந்த இன்னொரு வாசனைக்கும் நடுவில் அவளுடைய வாசனையைத் தேடினார்.

"ஒரு ஆள் வந்தான், பையைத் தூக்கிக்கிட்டு" என்றாள் ரகசியமாக. "எத்தனை வருஷம், எத்தனை வருஷம்னு வாயைக் கிண்டுறான். எமகாதகப் பய. உங்களுக்குப் பயமே வேணாம்மா, உள்ளதைச் சொல்லுங்கன்னு தேனா ஒழுகுறான். நான் விடுவேனா? நீங்க சொன்னதையே சொல்லி அனுப்பிட்டேன்."

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சரியாத்தான சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்ன."

"கொறைச்சாங்களா?"

என்ன சொல்வது என்று வாய்க்குள் தேடினார். எதற்கும் ஒரு தொகை வைத்திருக்கிற வாய். அவள் காத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் கண்ணில் அந்தப் பழைய நிச்சயம் அப்படியே இருந்தது, இவர் பேசினால் குறையும் என்கிற நிச்சயம்.

"கொறைச்சாங்க."

"எம்புட்டு?"

"பாதிக்குப் பாதி."

அவள் மூச்சை விட்டுத் தலையணையில் தலையைச் சாய்த்தாள். பிறகு கழுத்தைத் திருப்பி, பக்கத்துக் கட்டிலில் புருஷனுக்கு விசிறிக்கொண்டிருந்த பெண்ணிடம், நேற்றிலிருந்து சிநேகமாகியிருக்க வேண்டும், சொன்னாள். "பாத்தியா தங்கச்சி, நான் சொல்லலை? பேசிப் பாதிக்குப் பாதி கொறைச்சிட்டு வந்துட்டாக."

அந்தப் பெண் விசிறியைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். "அண்ணே, எங்களுக்கு முதலமைச்சர் அட்டையும் இல்லை, ஒரு பாலிசியும் இல்லைண்ணே. இதயத்துக்குள்ள எதையோ வைக்கணும்னு பெரிய தொகையாச் சொல்றாங்க. எனக்குப் பேசத் தெரியாது. நீங்க வந்து எங்களுக்கும் ஒரு வார்த்தை பேசிக் கொடுங்கண்ணே."

"இந்திராணி அட்டெண்டர் யாரு?" கதவுக்குள் தலையை நீட்டி நர்ஸ் கேட்டாள். "டாக்டர் வந்துட்டாரு. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடணும், உடனே வாங்க."

"போங்க" என்றாள் இந்திராணி. "போட்டுட்டு வந்து, பாவம், இந்தப் பிள்ளைக்கும் என்னான்னு கேட்டுப் பேசிவிடுங்க."

"வர்றேன்" என்றார் சோணைமுத்து. யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. ரெண்டு பெண்களுமே தலையை ஆட்டினார்கள்.